இதயத்தைச் சுற்றிச் சேர்ந்த நீரை எடுத்த பிறகு நோயாளியின் நிலை எப்படி இருக்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தாயாருக்கு வயது 61. மூன்று வாரங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு படுத்தாலே மூச்சு முட்டியது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்து, இதயத்தைச் சுற்றி நிறைய நீர் கோத்திருப்பதாகச் சொல்லி, அன்றிரவே ஊசி வழியாகக் குழாய் செலுத்தி 850 மில்லி வெளியே எடுத்தார்கள். நீர் சிவப்பாக இருந்தது. மூன்றாம் நாள் குழாயை அகற்றி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீரைப் பரிசோதித்த முடிவுகளில் சில இன்னும் கைக்கு வரவில்லை. "ஆபத்தைத் தாண்டிவிட்டார், கவலை வேண்டாம்" என்கிறார் மருத்துவர். "இப்படி நீர் எடுத்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதம் தாண்டுவதில்லை" என்கிறார் உறவினர் ஒருவர். இருவரில் யார் சொல்வது சரி, நீர் திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். நீரை எடுக்கும் செயல்முறை எவ்வளவு பாதுகாப்பானது என்பது ஒரு கேள்வி. அந்த நீர் எந்த நோயால் சேர்ந்தது, அந்த நோய் இனி என்ன செய்யும் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு மருத்துவத்தில் தெளிவான, நம்பிக்கை தரும் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரே பதில் கிடையாது. சிலருக்கு அது முழுக் குணம். சிலருக்குச் சில மாதங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சில குடும்பங்கள் தேவையில்லாமல் நடுங்குகின்றன. வேறு சில குடும்பங்கள் "நீரை எடுத்தாயிற்று" என்று நிம்மதியடைந்து, செய்ய வேண்டிய பரிசோதனைகளைத் தள்ளிப்போடுகின்றன. இரண்டாவது தவறுதான் அதிகம் சேதம் செய்வதை இத்தனை ஆண்டு மருத்துவப் பணியில் பார்த்து வருகிறேன்.

இதயத்தை இரண்டு அடுக்கு கொண்ட ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த அடுக்குகளுக்கு நடுவே எல்லோருக்குமே 15 முதல் 50 மில்லி வரை நீர் இருக்கும். நுரையீரலைச் சுற்றிச் சேரும் நீர் இதுவல்ல. "நெஞ்சில் நீர்" என்று இரண்டையுமே சொல்வதால், தெரிந்தவர் யாருக்கோ நுரையீரல் நீர் எடுத்த அனுபவத்தை வைத்து உங்கள் தாயாரின் நிலையை எடைபோட வேண்டாம். இதய உறை எளிதில் விரியாது. திடீரென்று 150, 200 மில்லி சேர்ந்தாலே இதயம் நசுங்கி இரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால், கர்ப்பிணியின் வயிற்றுத் தோல் போல உறை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்கும். ஒரு லிட்டருக்கு மேல் சேர்ந்த பிறகே தொந்தரவு தெரிந்தவர்களும் உண்டு. 850 மில்லி சேர்ந்தும் உங்கள் தாயார் நடமாடிக்கொண்டிருந்தார் என்பதே, நீர் பல நாட்களாக, பெரும்பாலும் வாரங்களாகச் சேர்ந்தது என்பதற்கு அடையாளம். இதயச் சுவர் கிழிந்தோ, இதயத்திலிருந்து புறப்படும் முதன்மை இரத்தக் குழாயான பெருந்தமனி பிளந்தோ ஏற்படும் திடீர் இரத்தக் கசிவு இப்படி வராது. காரணங்களின் பட்டியலில் மிக மோசமான சிலவற்றை இந்த ஒரு தகவலே கீழே தள்ளிவிடுகிறது.

உறை விரியும் எல்லையை எட்டிவிட்ட பிறகு, கூடுதலாகச் சேரும் சிறிதளவு நீரும் இதயத்தைக் கடுமையாக அழுத்தும். அதனால்தான் முதலில் எடுக்கும் சிறிதளவு நீரே பெரிய மாற்றத்தைத் தருகிறது. இப்படிக் குழாய் செலுத்தும் அறையான கேத் லேபில் மேசையருகே நின்று நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தால், அவர் மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் மறைவது தெரியும். 50 மில்லி சிரிஞ்சு இரண்டு நிரம்பியதும் அதே நாடி சீராக அடிக்கத் தொடங்கும். மானிட்டரில் 80ல் நின்ற இரத்த அழுத்தத்தின் மேல் எண் 110ஐத் தொடும். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தவர், "கொஞ்சம் சாஞ்சுக்கலாமா?" என்று கேட்பார். உடனடிப் பலன் இவ்வளவு கண்கூடாகத் தெரியும் சிகிச்சைகள் மருத்துவத்தில் குறைவு. உங்கள் தாயாருக்கும் அன்றிரவே மூச்சு சீரானது என்று எழுதியிருக்கிறீர்கள், அது எதிர்பார்க்கக்கூடியதே.

இனிச் செயல்முறையின் ஆபத்து பற்றி. 1840ல் வியன்னாவில் பிரான்ஸ் ஷூ என்ற மருத்துவர் இதய உறையைத் துளைத்து நீரை வெளியேற்றினார். அதற்குப் பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக இது கண்ணால் பார்க்காமல், உடற்கூறு அறிவையும் கையுணர்வையும் மட்டும் நம்பி ஊசி செலுத்தும் வேலையாகவே இருந்தது. அந்த முறையில் 20 விழுக்காடு வரை சிக்கல்களும் 6 விழுக்காடு வரை உயிரிழப்பும் பதிவாகியிருக்கின்றன. 1979ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எக்கோவைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்த பின் நிலைமை அடியோடு மாறியது. அங்கே 21 ஆண்டுகளில் தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட 1,127 செயல்முறைகளின் முடிவுகள் 2002ல் வெளியாயின: 97 விழுக்காடு வெற்றி, பெரிய சிக்கல் 1.2 விழுக்காடு, சிறிய சிக்கல் 3.5 விழுக்காடு. பெரிய சிக்கல் என்றால் இதய அறையில் துளை விழுவது, விலா எலும்பை ஒட்டிய இரத்தக் குழாய் கிழிவது, நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்து நுரையீரல் சுருங்குவது போன்றவை. இன்று சென்னையிலும் அரசுப் பொது மருத்துவமனை முதல் தனியார் மருத்துவமனைகள் வரை எக்கோ வழிகாட்டுதலோடு செய்வதுதான் வழக்கம்.

அந்த எண்களை அப்படியே எல்லா இடத்துக்கும் எல்லா நோயாளிக்கும் பொருத்திவிட முடியாது. அவை மிகுந்த அனுபவமுள்ள ஒரு மையத்தின் எண்கள். நீர் இதயத்தின் பின்பக்கம் மட்டும் இருந்தாலோ, கட்டிதட்டி உறைந்திருந்தாலோ, அளவு குறைவாக இருந்தாலோ ஆபத்து கூடும். ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும்போதோ பேஸ்மேக்கர் பொருத்தும்போதோ இதயத்தில் துளை விழுந்து இரத்தம் சேர்ந்தவர்களின் நிலையும் வேறு. பெருந்தமனி பிளந்து இரத்தம் சேர்ந்திருந்தால் ஊசி தற்காலிக உதவிதான். அவசர அறுவை சிகிச்சையே வழி. உங்கள் தாயாருக்கு நிறைய நீர் இருந்தது, மெதுவாகச் சேர்ந்தது, ஒரே முயற்சியில் குழாய் போய்விட்டது. சாதகமான நிலை இதுதான். செயல்முறையால் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களிலேயே வெளிப்பட்டுவிடும். பெரிய அளவு நீரை வேகமாக எடுத்தால், அழுத்தம் விலகிய இதயம் அதைத் தாங்க முடியாமல் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும் அரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே மூச்சில் ஒரு லிட்டருக்கு மேல் எடுக்காமல் நிறுத்தி நிறுத்தி எடுப்பது அதற்காகத்தான். அந்தக் கட்டமும் உங்களுக்குக் கடந்துவிட்டது. ஆகவே "ஆபத்தைத் தாண்டிவிட்டார்" என்று மருத்துவர் சொன்னது, செயல்முறையைப் பொறுத்தவரை முற்றிலும் சரி.

உங்கள் உறவினர் சொன்னதும் எங்கிருந்தோ வந்த கட்டுக்கதை அல்ல. அதே மேயோ கிளினிக்கில், புற்றுநோயோடு இதயத்தைச் சுற்றி நீரும் சேர்ந்திருந்த 275 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. அவர்களில் பாதிப் பேர் 135 நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். 26 விழுக்காட்டினர் ஓராண்டைத் தாண்டினார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்கள், நீரிலேயே புற்றுச் செல்கள் தென்பட்டவர்கள், இதயம் நசுங்கும் நிலையில் வந்தவர்கள் ஆகியோரின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. உறவினர் கேள்விப்பட்டது இதுபோன்ற ஓர் எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது புற்றுநோயாளிகளின் கணக்கு. வைரஸ் தொற்றுக்குப் பிறகு நீர் கோத்த முப்பது வயதுக்காரருக்கோ, தைராய்டு குறைவால் நீர் சேர்ந்த பெண்மணிக்கோ அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேலும் அந்த ஆய்வு, நுரையீரல் புற்றின் மரபணு மாற்றத்தைக் கண்டறிந்து அதைக் குறிவைத்துக் கொடுக்கும் மாத்திரைகள் வருவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. இன்று அந்த மாத்திரைகள் பொருந்தும் நோயாளிகள், இதய உறையில் நோய் பரவிய பின்னும் ஆண்டுக்கணக்கில் இருப்பதைப் பார்க்கிறோம். மார்பகப் புற்றிலும் நிணநீர்ப் புற்றிலும் நுரையீரல் புற்றைவிட நிலைமை பொதுவாக மேல். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்கு நீர் சேர்ந்தாலும் அது புற்று பரவியதால்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கதிர்வீச்சுச் சிகிச்சை, மருந்துகள், தொற்று ஆகியவையும் அதைச் செய்யும்.

நீர் சிவப்பாக இருந்தது உங்களை மிகவும் பயமுறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. சிவப்பு நிறம் புற்றுநோயைக் காட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. நம் ஊரில் இரத்தம் கலந்த நீருக்குக் காசநோயும் மிக முக்கியமான காரணம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், சில சமயம் வைரஸால் இதய உறையில் வெறும் அழற்சி மட்டும் உள்ளவர்கள் ஆகியோருக்கும் நீர் சிவந்து வரும். நிறத்தை வைத்து ஆயுளைக் கணிக்க முடியாது.

நேரில் பார்க்காமல், அறிக்கைகளைப் படிக்காமல் உங்கள் தாயாரின் நோய் இன்னதென்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் சென்னையில் இந்த வயதில், வாரக்கணக்கில் சேர்ந்து, இரத்தம் கலந்து வந்த நீர் என்றால் எந்த இதய மருத்துவரும் முதலில் நினைப்பது காசநோயும் புற்றுநோயும்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் தேட வேண்டும். மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை ஆகியவை இரண்டிலுமே வரும் என்பதால் அறிகுறிகள் அதிகம் உதவுவதில்லை. நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு 40க்கு மேல் இருந்தால் காசநோய்க்கான சாத்தியம் கூடுகிறது. ஆனால் சீழ்த் தொற்றிலும் நிணநீர்ப் புற்றிலும்கூட அது உயரலாம். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் நோய் உறுதி. தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல, ஏனென்றால் இதய உறை நீரில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. நீரிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனையின் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். புற்றுச் செல்களைத் தேடும் பரிசோதனையும் அப்படியே: தெரிந்தால் உறுதி, தெரியாவிட்டால் கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. அதனால்தான் மார்பு சிடி ஸ்கேன், மார்பகப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், எச்ஐவி, முடக்குவாத வகை நோய்களுக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கிறோம். உங்கள் தாயாருக்கு சிடி ஸ்கேன் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால், அடுத்த சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

காசநோய் என்று முடிவானால் குடும்பங்கள் இடிந்துபோவதைப் பார்க்கிறேன். ஆனால் இந்தச் சூழலில் அது ஒப்பீட்டளவில் நல்ல செய்தி. மருந்து இல்லாத காலத்தில் இதய உறைக் காசநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று ஆறு மாத மருந்து இருக்கிறது; தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. மற்ற உடல்நிலை நன்றாக இருக்கும், எச்ஐவி இல்லாத நோயாளி, மருந்தை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் தேறிவிடுவார். நுரையீரலில் நோய் இல்லாமல் இதய உறையில் மட்டும் இருந்தால் அது வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை. நுரையீரல் காசநோயாளிகளையே சானடோரியத்தில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு நடந்தது நம் சென்னையில்தான். 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட மையத்தில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 1959ல் வெளியாயின. அந்த மையமே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதே ஊரில் ஒரு தாயைத் தனி அறையில் ஒதுக்கி உட்கார வைப்பதைக் காணும்போது மனம் வலிக்கிறது.

காசநோயில் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது அடுத்த சில மாதங்களில் இதய உறை தடித்து இறுகிப்போவது. நீர் வற்றிவிடும், எக்கோவில் "நீர் இல்லை" என்று எழுதி வரும், எல்லோரும் நிம்மதியடைவார்கள். ஆனால் காலிலும் வயிற்றிலும் மெல்ல வீக்கம் தொடங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சாப்பிட்டதும் வயிறு நிறைந்து உப்பும். இறுகிய உறைக்குள் இதயம் விரிய முடியாததால் வரும் நிலை இது. சாதாரண வைரஸ் அழற்சிக்குப் பிறகு இப்படி ஆவது மிக அரிது. 500 நோயாளிகளைச் சராசரியாக ஆறு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் இத்தாலிய ஆய்வில், வைரஸ் அல்லது காரணம் தெரியாத அழற்சி உள்ளவர்களில் 0.48 விழுக்காட்டினருக்கே இது வந்தது. மற்ற காரணங்கள் உள்ளவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு வந்தது. காசநோயில் அது இன்னும் அடிக்கடி வரும். முற்றிவிட்டால் உறையை அறுவை சிகிச்சையால் உரித்து எடுப்பதே வழி. அந்த அறுவையிலேயே 6 முதல் 12 விழுக்காடு வரை உயிரிழப்பு உண்டு என்பதால், அந்த நிலைக்குப் போகாமல் முன்கூட்டியே கண்டுபிடிப்பது மிக முக்கியம். வயிற்று வீக்கத்தைக் கல்லீரல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் வேறு சிகிச்சை பெற்றுவிட்டு வருபவர்கள் உண்டு. முன்பு இதயத்தைச் சுற்றி நீர் எடுத்ததைப் புது மருத்துவரிடம் சொல்லாமல் விட்டதே பல நேரங்களில் அதற்குக் காரணம்.

இந்த இறுக்கத்தைத் தடுக்க ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆப்பிரிக்காவில் 1,400 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014ல் வெளியான பெரிய ஆய்வில், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உயிரிழப்பைக் குறைக்கவில்லை. ஆனால் உறை இறுகுவது 7.8 விழுக்காட்டிலிருந்து 4.4 விழுக்காடாகக் குறைந்தது. எச்ஐவி உள்ளவர்களுக்கோ அதே மாத்திரையால் புற்றுநோய் கூடியது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எச்ஐவி உள்ளவர்கள். நம் நோயாளிகள் பெரும்பாலோர் அப்படியல்ல. ஆகவே எச்ஐவி இல்லாத, இறுக்கத்துக்கான அடையாளம் தென்படுகிற நோயாளிக்கு நான் ஸ்டீராய்டைப் பரிசீலிப்பேன். இன்னொரு மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் அவரைத் தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் தாயாருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதையும் இந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைராய்டு குறைவால் சேர்ந்த நீர், மாத்திரை தொடங்கிய பின் சில மாதங்களில் தானே வற்றும். சிறுநீரகச் செயலிழப்பால் வந்ததற்கு டயாலிசிஸைத் தீவிரப்படுத்துவதே சிகிச்சை. அங்கே எதிர்காலம் சிறுநீரகத்தையும் பிற உடல்நிலையையும் பொறுத்தது. இதய அறுவைக்குப் பின் சேரும் நீரை எடுத்துவிட்டால் பெரும்பாலோர் நலமாகிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் டெங்கு வந்தவர்களுக்கு எக்கோவில் சிறிதளவு நீர் தெரிவது சென்னையில் சாதாரணம். ஊசி தேவைப்படுவது மிக அரிது. எல்லாப் பரிசோதனைகளும் செய்த பிறகும் காரணம் தெரியாமலே நிற்கும் நோயாளிகளும் கணிசமாக உண்டு. அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே இருக்கிறார்கள், ஆனால் அவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

நீர் திரும்ப வருமா என்ற கேள்விக்கும் பதில் காரணத்தில்தான் இருக்கிறது என்றாலும், எடுத்த விதமும் இங்கே கணக்கில் வரும். ஒருமுறை ஊசியால் உறிஞ்சிவிட்டு விடுவதைவிட, மெல்லிய குழாயை உள்ளேயே விட்டு, ஒரு நாளில் வடியும் நீர் 25, 30 மில்லிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து அகற்றினால் நீர் திரும்புவது குறைகிறது. மேயோ கிளினிக்கின் 21 ஆண்டுக் கணக்கில், குழாயை விட்டுவைப்பது 23 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாக உயர்ந்த காலத்தில், நீர் திரும்புவதும் அறுவை தேவைப்படுவதும் தெளிவாகக் குறைந்தன. உங்கள் தாயாருக்கு மூன்று நாள் குழாய் இருந்தது நல்லது. குழாயை அகற்றிய அன்று எவ்வளவு வடிந்தது என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று பாருங்கள். அழற்சிதான் காரணம் என்றால் கோல்சிசின் மாத்திரை பெரிதும் உதவும். 2013ல் வெளியான ஓர் ஆய்வில் அது நோய் நீடிப்பதையும் திரும்புவதையும் 37.5 விழுக்காட்டிலிருந்து 16.7 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் அது அழற்சி உள்ளவர்களுக்கு. இதயத்தைச் சுற்றி நீர் என்றாலே எல்லோருக்கும் கொடுக்கும் மாத்திரை அல்ல. புற்றுநோயால் நீர் திரும்பத் திரும்ப வந்தால், உறையில் சிறு திறப்பு ஏற்படுத்தி நீர் தானே வடிய வழி செய்யும் அறுவையைப் பரிந்துரைப்போம். அதன் நோக்கம் ஆயுளை நீட்டுவதைவிட, மிச்சமிருக்கும் நாட்களில் மூச்சுத்திணறலும் மருத்துவமனை அலைச்சலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. அது குறைவான நோக்கம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்த பின் செய்ய வேண்டியவை. என் நோயாளிகளுக்கு ஒரு வாரத்தில் ஓர் எக்கோ, பிறகு ஒரு மாதத்தில், மூன்றாம் மாதத்தில், ஆறாம் மாதத்தில் என்று எடுக்கச் சொல்கிறேன். காசநோய் என்றால் மருந்து முடிந்த பின்னும் ஒன்று. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். "சிறிதளவு நீர்" என்ற வரி இரண்டு அறிக்கைகளிலும் இருந்தால் அது குறைகிறதா கூடுகிறதா என்பதை மில்லிமீட்டர் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீர் எடுத்த பின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருப்பது இயல்பு. அதற்காகப் பதற வேண்டாம். வர வேண்டிய பரிசோதனை முடிவுகளை ஆய்வகத்தில் நீங்களே போய்க் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆன பின் வரும் முடிவுகள் கோப்பில் சேராமல் கிடந்துவிடுவது எங்கும் நடக்கிறது. வளர்ப்புப் பரிசோதனை முடிவு ஆறு வாரம் கழித்து வரும்போது அதைத் தேடுவார் யாரும் இருப்பதில்லை.

மீண்டும் படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, எழுந்து நின்றால் தலைசுற்றிக் கண் இருட்டினாலோ, காரணமில்லாமல் நாடி வேகமாக அடித்து வியர்த்துக் கொட்டினாலோ, மறுநாள் காலைவரை காத்திருக்காமல் எக்கோ வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். வாசலிலேயே "இதயத்தைச் சுற்றி நீர் எடுத்தவர்" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் லாசிக்ஸ் போன்ற நீர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மூச்சு வாங்கினால் நீர் மாத்திரை என்பது பல வீடுகளில் பழகிப்போன வழக்கம். ஆனால் இதயம் வெளியிலிருந்து அழுத்தப்படும் நிலையில், உடலில் ஓடும் இரத்தத்தின் அளவுதான் இதயத்தை நிரப்பி நிறுத்திவைத்திருக்கிறது. அதைக் குறைத்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும்.